கண்ணு, அதுக்குப் பேரு வன்னி

வா கண்ணு, வா. அந்தச் சேரை இழுத்துப் போட்டு உக்காரு. கயித்துக் கட்டல்ல உக்காந்தா உன்ற பேன்ட்டு கசங்கிப் போகும். மோர் குடிக்கிறியா, இல்லை அந்த பாட்டில் தண்ணியே போதுமா? சரி சரி, எகத்தாளம் பண்ணலை. கோயமுத்தூர்ல இருந்து வெள்ளகோயில் வரைக்கும் வண்டி ஓட்டிக்கிட்டுப் பேரன் வந்திருக்கான், அப்புச்சி ரண்டு வார்த்தை பேசக் கூடாதா?

ஆமா, வண்டிக்குள்ள முன் சீட்டுல பெல்ட்டு போட்டு உக்கார வெச்சிருந்தியே, அது ஆரு? பொண்ணு கிண்ணு பாத்துக் கூட்டியாந்துட்டியோன்னு உன்ற அம்மாயி ஆரத்தி கரைக்க உள்ள ஓடிட்டா. கிட்டப் போயிப் பாத்தா தொட்டியில ஒரு செடி. அங்க பாரு, தட்டோட வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறா. அவ மூஞ்சியில இப்ப ஏறுன சனி ராத்திரிச் சோறு வரைக்கும் எறங்காது.

என்ன வெலை? நானூத்தம்பதா! தொட்டிக்குத் தனியா வேற குடுத்தியா! போச்சாது உடு. சோசியர் எவ்வளவு வாங்குனாரு? ரண்டாயிரம். ஏழரைச் சனி ஓடுது, சனிக்கெழமை தவறாம வன்னி மரத்தைச் சுத்துனாத்தான் பொண்ணு அமையும்னுட்டாராக்கும். மரத்தைத் தேடிக் கோயில் கோயிலா அலையறதுக்குப் பதிலா, தோட்டத்துலயே ஒண்ணு வெச்சுக்கிட்டா மரமும் ஆச்சு, சுத்துனாப்பலயும் ஆச்சு. நல்ல ரோசனைதான். போன மாசம் போன் பண்ணி, காம்பவுண்டு ஓரத்துல சீமைக்கருவேலம் திரும்ப மொளச்சிருக்குது, களைக்கொல்லி அடிக்கச் சொல்லியிருக்கறேன்னியே, அந்த நாயத்தை அப்புறம் பேசுவோம். மொதல்ல இதுக்கு வா.

2017 ஞாபகம் இருக்குதா உனக்கு? நீ காலேசுல இருந்தே. மதுரைக் கோர்ட்டு சீமைக்கருவேலத்தை வேரோட புடுங்கோணும்னு உத்தரவு போட்ட நேரம். ஊர் ஊருக்குப் பொக்லைன் எறங்குச்சு. நீயும் உன்ற சேக்காளிக ஏழு பேரும் ஒரே நெறத்துல பனியன் போட்டுக்கிட்டு வந்தீங்க. நான் அப்பக் கண்ணு ஆபரேசன் பண்ணிக்கிட்டு, பச்சைத் துணி கட்டிப் படுத்திருந்தேன். கட்டு அவுத்ததும் புதுக்கண்ணுல பொழுது தெரியுதான்னு மேக்க பாத்தேன். பொழுது நல்லாத்தான் தெரிஞ்சுது. நடுவால நிக்க வேண்டிய மரந்தான் இல்லை.

உங்கம்மாளுக்குச் சீதனமாக் குடுத்த மூணு ஏக்கராக் கொரங்காட்டு மூலையில, கிளுவை வேலிக்கும் இட்டேரிக்கும் நடுவால நின்னுட்டு இருந்துது அது. என்ற அப்பன் காலத்துலயே அது பெரிய மரம். நீ என்ன பண்ணுனே? அடிக்கட்டை மேல ஒத்தைக் காலை வெச்சு, கட்டபொம்மனாட்டம் நின்னு போட்டோ புடிச்சுப் பேஸ்புக்குல போட்டே. இருநூத்திப் பன்னண்டு லைக்குன்னு உங்கம்மா எனக்குப் படிச்சுக் காட்டுனா. எனக்கு அப்ப வலது கண்ணு மட்டுந்தான் தெளிவு. ஒத்தைக் கண்ணுலயே கட்டையோட பட்டையைப் பாத்துட்டேன்.

கண்ணு, அதுக்குப் பேரு வன்னி. உன்ற தொட்டியில அட்டை எழுதி ஒட்டியிருக்குதே, அதே பேரு.

பொண்ணு ஏன் அமையலைன்னு ரண்டாயிரம் குடுத்துக் கேட்டிருக்கே. என்னைக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேன்.

மூஞ்சியத் தொங்கப் போடாதே. தப்பு உன்மேல மட்டும் இல்லை. ரண்டும் ஒரே சாடை. பொடிப்பொடியா எலை, முள்ளு, மஞ்சக் கதிராட்டம் பூவு. உன்ற மாமன் மக பாட்டனி படிக்கிறாளே, அவ சொன்னா: படிச்சவங்களே ரண்டுக்கும் புரோசாப்பிஸ்னு ஒரே குலப்பேரு வெச்சுத்தான் ரொம்ப வருசம் எழுதிட்டு இருந்தாங்களாம். 2022ல உக்காந்து பாகம் பிரிச்சாங்களாம். சீமைக்கருவேலத்தை நெல்டூமான்னு தனிக் குடித்தனம் வெச்சுட்டு, வன்னியைப் பழைய பேருலயே உட்டுட்டாங்களாம். அந்தப் புள்ளை உன்னைக்கூட விசாரிச்சா. அட, ஏன் நிமுந்து உக்காரறே? "அந்த மரத்தை வெட்டுன ஆளு ஆருங்கப்பாரு"ன்னு விசாரிச்சா.

ஆனா ஒண்ணு. 2022ல பண்ணுன பாகப்பிரிவினையை நம்ம பட்டி வெள்ளாடு எப்பவோ பண்ணி முடிச்சுது. சீமைக்கருவேலத்துக் காயைத் தின்னும், எலையை மட்டும் மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும். வன்னின்னா கொழுந்து, எலை, காயி ஒண்ணும் உடாது. பின்னங்கால்ல நின்னு எட்டுன மட்டும் மேஞ்சுட்டுத்தான் மறுவேலை.

ஆடாட்டம் மோந்து பாக்க உனக்கு வராது. இந்தா ரண்டு குச்சி, கையில புடி. மெதுவா. மொதக் குச்சியில முள்ளு எங்க இருக்குது பாரு. எலைக்காம்பு பொறப்படற கணுவை உட்டுப்போட்டு, கணுவுக்கும் கணுவுக்கும் நடுவால, ஒண்ணு இங்க, ஒண்ணு அங்கன்னு சிதறிக் கெடக்குதா? அடி அகலமா, நுனி கூரா, குட்டையா, கோழிக்குஞ்சு அலகாட்டம்? அது வன்னி. ரண்டாவது குச்சியைப் பாரு. கணுவுலயே, காம்புக்கு ரண்டு பக்கமும் சோடியா, காங்கேயம் காளைக் கொம்பாட்டம் நீட்டிக்கிட்டு இருக்குதா? அது சீமைக்கருவேலம். காயிலயும் வித்தியாசம் உண்டு. அது தட்டையா, தடிப்பா, மஞ்சளா இருக்கும். வன்னிக்காயி மெலிசா உருண்டு தொங்கும், பழுத்தா உள்ள இனிப்பா மாவு இருக்கும். நாங்க பொடுசா இருக்கையில ஆட்டோட போட்டி போட்டுத் தின்னோம்.

குச்சி ரண்டையும் சேப்புல வெச்சுக்க. பொறவு வேணும்.

நான் இந்த மரத்தை மரமாப் பாத்ததே இங்க இல்லை, ராஜஸ்தான்ல. 1984ல திருச்செங்கோட்டு ரிக் வண்டியில ஏறுனவன் எட்டு வருசம் ஜோத்பூரு, நாகூருன்னு போர் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். நம்ம கடலோர நாகூரு இல்லை, அங்க ஒரு நாகூரு இருக்குது. மொத நாளு வண்டியை உட்டு எறங்கிப் பாக்கறேன், மணலும் கம்பங்காடும். கம்புக்கு நடுவால கண்ணுக்கெட்டுன மட்டும் வன்னி. நம்மூர்ல கோயிலுக்குள்ள கம்பி போட்டு, மஞ்சக்கயிறு கட்டி, ஒத்தை மரத்தைக் காவல் வெச்சிருக்கறோம். அங்க காட்டுக்குக் காடு நிக்குது. கேஜ்ரிம்பாங்க.

அங்க ஒரு காட்டுக்காரக் கெழவன்கிட்ட, "நெழல்ல வெள்ளாமை எப்பிடி வரும், வெட்டிப் போடுங்க"ன்னு எனக்குத் தெரிஞ்ச அரை இந்தியில ரோசனை சொன்னேன். உன்ற வயசுதான் அப்ப எனக்கும், ரோசனைக்குப் பஞ்சம் இல்லாத வயசு. அந்த ஆளு பதில் பேசலை. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி மரத்தடிக் கம்பையும் வெட்டவெளிக் கம்பையும் காட்டுனான். மரத்தடிக் கம்பு ஒரு சாண் ஒசரமா, கருகருன்னு நின்னுது. எலை சன்னம்கிறதால வெளிச்சம் கீழ எறங்குது. மேல் தண்ணிக்குக் கம்போட சண்டைக்கு வராம இது பாட்டுக்கு ஆணிவேரை நேரா எறக்குது, நூறடிக்கும் கீழ. அவரை, தொவரையாட்டம் இதுவும் வேர்லயே உரம் கட்டற சாதி. இதுல வேடிக்கை என்னன்னா, வெயில் மண்டையப் பொளக்கற மாசத்துல, மத்ததெல்லாம் மொட்டையா நிக்கையில, இது பச்சப்பசேல்னு கொழுந்து உடும். மழைக்காகக் காத்துக் கெடக்கற பொழப்பே கெடையாது அதுக்கு.

பனிக்காலத்துல கெளையக் கழிச்சுடுவாங்க. எலை காஞ்சா லூங்னு பேரு, ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் அதுதான் மேவு. முள்ளுக்கெளை வேலிக்கு. கட்டை அடுப்புக்கு. கட்டையோட சாம்பலை ஒடம்புல தேச்சா முடி கொட்டிப்போகும்னு பஞ்சாப் பக்கம் பூசறதுண்டாம். உன்ற தாடியைப் பாத்ததும் ஞாபகம் வந்துது, தப்பா எடுத்துக்காதே. பட்டை, பூவு எல்லாம் வைத்தியத்துக்கு ஆவும்பாங்க. அது எனக்கு அத்துப்படி இல்லை, சோத்துக்கு ஆனதுதான் தெரியும்.

பிஞ்சுக் காயை வேவிச்சுக் காய வெச்சா அதுக்குப் பேரு சாங்கிரி. கேர்னு ஒரு முள்ளுச்செடிக் காயி இருக்குது, அதோட சேத்து எண்ணெயும் மொளகாயும் போட்டுப் பொரட்டுவாங்க. மொதத்தடவை ஒரு கல்யாண வீட்டுல எலையில வெச்சப்ப, எங்க ரிக்குப் பசங்க, "என்னடா இது, ஆட்டுத் தீனியப் போடறான்"னு தள்ளி வெச்சாங்க. நான் ஒரு வாயி போட்டேன். பொறவு அவங்க தள்ளி வெச்சதையும் சேத்துப் போட்டேன். இன்னைக்குக் காஞ்ச சாங்கிரி கிலோ ஆயிரம் ரூவாயைத் தாண்டி விக்கிது. பிகானேர்ல இருக்கற ஆராய்ச்சி நெலையத்துல முள்ளு இல்லாத ஒட்டுக் கன்னே உண்டு பண்ணி, தார் சோபான்னு பேரு வெச்சிருக்காங்க. நம்மூரு ஆளுககிட்ட வன்னிக்காயைத் திங்கலாம்னு சொல்லிப்பாரு, ஏற எறங்கப் பாப்பாங்க. அதையே சூப்பர்புட்டுன்னு டப்பாவுல போட்டு உன்ற ஆபீசுக்கு அனுப்புனா வரிசையில நிப்பீங்க.

1868, 69ல அங்க பெரும்பஞ்சம். மழை ஏமாத்துச்சு, கம்பு போச்சு, மாடு போச்சு. சனம் இந்த மரத்துப் பட்டையை உரிச்சு, இடிச்சு, மாவுல கலந்து ரொட்டி சுட்டுத் தின்னுதான் உசுரைக் கையில புடிச்சுது. அந்தக் கெழவனோட தாத்தன் தின்னவராம். ருசி எப்பிடின்னு கேட்டேன். "உசுரோட இருக்கற ருசி"ன்னான்.

ஜோத்பூர்ல இருந்து கொஞ்ச தூரத்துல கேஜட்லின்னு ஒரு ஊரு. மரத்துப் பேருதான் ஊருக்கும். 1730ல ராசா அபய்சிங் அரமணை கட்டறதுக்குச் சுண்ணாம்பு சுடோணும், வெறகு வேணும்னு ஆளனுப்புனாரு. அந்தச் சனம் பிஷ்னோய்க்காரங்க. ஜம்போஜி குரு சொன்ன 29 கட்டளையைப் புடிச்சு வாழறவங்க, பச்சை மரத்தை வெட்டக் கூடாதுங்கறது அதுல ஒண்ணு. அமிர்தாதேவின்னு ஒரு பொம்பளை மரத்தைக் கட்டிப் புடிச்சா. கோடாலி நிக்கலை. அவளுக்குப் பின்னால மூணு பொண்ணுக. அப்பிடியே 363 பேரு. நாங்க அந்த ஊருக்குப் போனப்ப ரிக் வண்டியை மரத்துல இருந்து எட்டவே நிறுத்தச் சொன்னாங்க. கொம்புல ஒரு கீறல் உழுகக் கூடாதாம். அங்க மட்டும் எங்க டிரைவரு ரிவர்சு எடுக்கையில ஆரனடிக்காம, எறங்கி எறங்கிப் பாத்தான்.

இந்த எடத்துல உன்னைக் கிண்டல் பண்ண எனக்கு வாயி வரலை கண்ணு. ஏன்னு கேளு. நீ வெட்டுனது ஒண்ணு. என்ற கணக்கு எனக்கே தெரியாது. மரம் நூறடி வேரு உடற ஊர்ல நாங்க நானூறு, ஐநூறடிக்குக் குழாய் எறக்குனோம். தண்ணி பீச்சுனதும் மாலை போட்டாங்க, லட்டு குடுத்தாங்க. ஒரு மாசத்துல பக்கத்துக் காட்டுக்காரன் வந்து கூப்புட்டான், அவனுக்கு அம்பதடி சேத்துப் போட்டோம். இப்ப அங்க கேஜ்ரி நட்டுக்க நின்னு காயிதாம். வேர்ல வண்டு, காளானு, வருசா வருசம் மொட்டையடிக்கறதுன்னு நாலு காரணம் சொல்றாங்க. தண்ணி கீழ போனது அஞ்சாவது. அந்த அஞ்சாவதுக்கு எனக்கு அப்ப பேட்டா நாளைக்கு நாப்பது ரூவா. பத்தாததுக்கு இப்ப சூரிய கரண்டுத் தகடு போடறதுக்கு வெட்டறாங்கன்னு பிகானேர்ப் பக்கம் சனம் ரோட்டுல உக்காந்துச்சு. வெயிலைப் புடிக்க நெழலை வெட்டறாங்க. நம்ம ரிக்குக்காரனுக்குத் தோணாத ரோசனை.

மோரைக் குடி, ஆறப்போகுது. மோரு ஆறுமான்னு பாக்கறியா? கேக்கறியா தூங்கறியான்னு பாத்தேன்.

ராஜஸ்தானுக்கும் தெலங்கானாவுக்கும் இது மாநில மரம். துபாய், அபுதாபி எல்லாம் சேந்த அமீரகத்துக்குத் தேசிய மரம், காஃப்ம்பாங்க. நம்ம பக்கத்துல பரிகார மரம். பெருமையில்லாம இல்லை. கொடுமுடிக் கோயில்ல நிக்கிற கெழட்டு வன்னியைப் பாத்திருக்கியே. பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குக் காவேரித் தீர்த்தம் சொமக்கறவங்க, அந்த எலையைக் கலயத்துல போட்டுத்தான் எடுத்துட்டுப் போவாங்க, தண்ணி கெடாதுன்னு. விருத்தாசலத்துலயும் வன்னிதான் தல மரம். விபசித்து முனிவரு கோயில் வேலை செஞ்சவங்களுக்குச் சாயங்காலம் கூலியா வன்னி எலையை அள்ளிக் குடுத்தாராம். அவனவன் பாத்த வேலைக்குத் தக்கன எலை பொன்னாச்சாம். வேலை செய்யாதவனுக்கு எலை எலையாவே இருந்துதாம். உன்ற ஆபீசுல மாசக் கடைசியில இப்பிடி எலை குடுத்தா, வீட்டுக்கு எத்தனை பேரு கீரைக்கட்டோட போவாங்கன்னு ரோசனை பண்ணிப் பாரு.

கல்யாண நாயம் பேச வந்துட்டு மதுரைக் கதையை உட்டா எப்பிடி? திருப்புறம்பியத்துல ஒரு வணிகனுக்கும் பொண்ணுக்கும் சாமி முன்னால கல்யாணம். சாட்சிக்கு மனுசரு இல்லை. பொறவு மதுரையில மூத்த சம்சாரம் வந்து, "எங்கடி சாட்சி"ன்னு நாக்கைப் புடுங்கறாப்பல கேக்கவும், அங்க இருந்த வன்னியும் கெணறும் லிங்கமும் மதுரைக்கே எந்திரிச்சு வந்து சாட்சி சொல்லுச்சாம். திருவிளையாடல்ல கடைசிப் படலம். நீ போயி வன்னிகிட்ட நின்னு, பொண்ணு குடுன்னு கும்புடறே. கேட்டுக்கிட்டு அது பாட்டுக்குச் சாட்சி சொல்ல ஆரம்பிச்சுட்டா என்ன கண்ணு பண்ணுவே? பேஸ்புக்குல போட்டோ வேற இருக்குது.

சரி, இப்பக் களைக்கொல்லி நாயத்துக்கு வா.

காம்பவுண்டு ஓரத்துல மூணு குத்து மொளச்சிருக்குதுன்னியே, எந்த மூலை? பழைய இட்டேரி மூலைதானே? நெனச்சேன். பொக்லைன் எத்தனை அடி தோண்டும், ஆறா, எட்டா? மிச்ச வேரு உள்ளதான கெடந்துது. ஒம்போது வருசம் சத்தம் காட்டாம இருந்துட்டு, கோடை மழை ரண்டு பேஞ்சதும் பக்கக் கன்னு உட்டிருக்குது. நான் போயி முள்ளைத் தடவிப் பாத்தேன். ஆட்டை உட்டும் பாத்தேன். ஒரு வாயி மேஞ்சதும் இழுத்துக் கட்டிட்டேன்.

உங்கம்மாளைக் கேட்டேன். மருந்தடிக்கறவன் மறுநாளு காலையில வர்றான்னா. உனக்குப் போன் போட்டேன், மீட்டிங்குல இருக்கறேன்னு மெசேஜ் வந்துது. அவன்கிட்டப் போயி, அடேய் இது வன்னி, நூறடி வேரு, 363 பேருன்னு நான் கதை சொல்லிட்டு இருந்தா கேப்பானா? டேங்குக்கு இவ்வளவுன்னு கூலி பேசி வந்தவன்.

பாண்டவங்க என்ன பண்ணுனாங்க? ஒரு வருசம் தலைமறைவா இருக்கோணும். வில்லு, வாளு, கதை எல்லாத்தையும் மூட்டையாக் கட்டி வன்னி மரத்து மேல வெச்சுட்டு, பொணம் தொங்குதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஒருத்தனும் கிட்ட வரலை. அந்த விராட நாடே நம்ம தாராபுரந்தான்னு அங்கத்தவங்க சொல்லிக்குவாங்க. இருக்கும். இந்த மாதிரி ரோசனை நம்ம பக்கத்துக் காத்துலதான் வரும்.

அவங்க பொணம்னாங்க. நான் சாமின்னேன்.

அன்னைக்குப் பொழுதோட போயி, வாய்க்கால்ல கெடந்த உருண்டைக் கல்லு மூணை எடுத்து நட்டேன். மஞ்சத்துணி ஒரு மொழம், எலுமிச்சம்பழம் ஒண்ணு, ஒரு சிட்டிகை குங்குமம். ஆகமொத்தம் செலவு முப்பது ரூவாகூட இல்லை. காலையில மருந்துக்காரன் வந்தான். தூரத்துலயே செருப்பைக் கழட்டுனான், கன்னத்துல போட்டுக்கிட்டான், அந்த மூலையில டேங்கைத் தூக்காமயே திரும்பிப் போயிட்டான். இப்ப உன்ற வாட்ச்மேனு வெள்ளிக்கெழமையானா சூடம் பத்த வெக்கிறான். ஆருக்கோ காய்ச்சல் தெளிஞ்சு போச்சுன்னு பேச்சு வேற. தட்டுல பதினேழு ரூவா சேந்துது, பொகையிலைக்கு ஆச்சு.

சனிக்கெழமை நீ அங்க போயிச் சுத்திக்க. செருப்பில்லாமப் போகாதே, முள்ளு ஏறிப்போகும். சாமி ஒண்ணும் சொல்லாது, எனக்குப் பழக்கமான சாமிதான்.

தொட்டிச் செடியா? அதை எங்க நடறதுன்னா கேக்கறே?

சேப்புல இருக்கற ரண்டு குச்சியை எடு. மொதக் குச்சி இட்டேரி மூலையில ஒடிச்சது. ரண்டாவது குச்சி, சோடி முள்ளு, காளைக் கொம்பு... அதை எங்க ஒடிச்சேன்னு நீ கேக்கவே இல்லையே. நீ செருப்பைக் கழட்டி வெச்சுட்டு வர்றதுக்குள்ள உன்ற தொட்டியிலதான் ஒடிச்சேன். எதுக்கும் இருக்கட்டும்னு ஆட்டுக்கும் ஒரு கொத்து காட்டுனேன். மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு.

தொட்டி நல்லாருக்குது கண்ணு. வெச்சுட்டுப் போ. உன்ற அம்மாயி கறிவேப்பிலை வெக்கோணும்னு ரொம்ப நாளாக் கேட்டுட்டு இருக்கா.